உடலுக்கு உடையா, உடைக்கு உடலா? போபோடியிலிருந்து மாக்ஸியின் வரலாறு

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றின் கரையில் உள்ள போபோடியில் ஒரே உடைக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தோளிலிருந்து கணுக்கால் வரை தளர்வாகத் தொங்கும் பருத்தி அங்கியை மராத்தியர் 'கவுன்' என்பர். தமிழர் 'நைட்டி' என்பர். மலையாளிகள் அதனையே 'மாக்ஸி' என்று அழைப்பர். தமிழிலோ கவுன் என்றால் சிறுமியர் அணிவது. மாக்ஸி என்றால் விருந்துக்கும் விழாவுக்கும் இளம்பெண்கள் அணியும் நீண்ட உடை. ஒரு கடையின் வாசலில் நின்று மூன்று மொழிகளில் ஒரே பொருளைக் கேட்டால் மூன்று வெவ்வேறு அடுக்குகளிலிருந்து எடுத்துத் தருவதற்கும் வாய்ப்புண்டு.

இப்பெயர்க் குழப்பம் தற்செயலானதன்று. வீட்டுக்குள் அணியும் நைட்டியும் வெளியே அணியும் மாக்ஸியும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. அக்குடும்பத்தின் வரலாற்றைச் சொல்வது இப்பதிவின் முதல் நோக்கம். இரண்டாவது நோக்கம் சற்றே நடைமுறை சார்ந்தது. "மாக்ஸி எனக்குப் பொருந்தாது, நான் குட்டை", "எனக்கு வயிறு தெரியும்", "எனக்கு இடுப்பு பெரிது" என்று பெண்கள் சொல்லக் கேளாத துணிக்கடை இல்லை. குறை தம் உடலில் இருப்பதாகவே அவர்கள் நம்புகின்றனர். குறை எங்கே இருக்கிறது என்பதற்கு வரலாறு வேறொரு விடை தருகிறது.

1

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். போபோடியை ஒட்டியுள்ள கட்கியில் 1817 நவம்பர் 5 அன்று இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் போர் நடந்தது. அதன்பின் அப்பகுதி ராணுவக் குடியிருப்பாயிற்று. 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்தது. ஹாரிஸ் பாலத்தைக் கடந்தால் தாபோடி. அங்கும் ராணுவ நிறுவனங்கள், பட்டறைகள். ராணுவமும் ரயிலும் தொழிற்சாலையும் உள்ள இடத்திற்குப் பல மாநிலத்தவர் வந்து சேர்வது இயல்பு. கட்கி, போபோடிப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன.

ராணுவக் குடியிருப்பு என்பது தையல் வரலாற்றில் முக்கியமான இடம். சீருடை, அதிகாரிகளின் மனைவியர்க்கான உடை, திரைச்சீலை என அனைத்துக்கும் தையற்காரர் தேவைப்பட்டனர். தைக்கப்படாத ஆடையாகிய சேலை கோலோச்சிய நாட்டில், வெட்டித் தைக்கும் மேலை உடை கண்டோன்மென்ட் கடைத்தெருக்களின் வழியாகவும் பரவியது. அவ்வாறு பரவியவற்றுள் ஒன்று கவுன்.

சேலைக்கும் கவுனுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மகாராஷ்டிரத்தின் ஒன்பது கஜச் சேலையாயினும் தமிழகத்தின் மடிசாராயினும், துணி ஒன்றே, உடல்தான் மாறும். மெலிந்தவர் கொசுவத்தில் இரண்டு மடிப்புக் கூட்டுவார், பருத்தவர் இரண்டு குறைப்பார். கருவுற்றிருந்தாலும் முதுமையடைந்தாலும் அதே சேலைதான். அளவு என்பது துணியில் இல்லை, கட்டும் கையில் இருக்கிறது. வெட்டித் தைத்த உடையிலோ, கத்தரி வைத்த கணத்திலேயே 'யாருக்கு' என்ற முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பொருந்துதல், பொருந்தாமை என்ற சிக்கல் பிறப்பதே அங்குதான்.

2

நீண்ட தளர்வான அங்கியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளாடையாகவோ இரவாடையாகவோ இருந்த ஒன்றைப் பெண்கள் அதன் சௌகரியம் கருதி வெளியாடையாக்குகின்றனர். உடனே ஊர் கூடிக் கண்டிக்கிறது. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமாகிறது.

1783-இல் ஓவியர் எலிசபெத் விஜே லெப்ரன், பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தை மெல்லிய வெள்ளை மஸ்லின் அங்கியில் தீட்டி பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அரசி உள்ளாடையோடு நிற்பதாகக் கண்டனம் எழுந்தது. ஓவியம் அகற்றப்பட்டு, பட்டாடை அணிந்த வேறோர் ஓவியம் வைக்கப்பட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் நாகரிக உடையே மஸ்லின் அங்கி என்றாயிற்று. மார்புக்குக் கீழே ஒரு தையல், அங்கிருந்து பாதம் வரை நேராக விழும் துணி. நெப்போலியன் காலத்துப் பேரரசின் பெயரால் அதனை 'எம்பயர்' வெட்டு என்று இன்றும் அழைக்கின்றனர். அதற்குப் பயன்பட்ட துணிகளுள் டாக்கா மஸ்லினும், அதனைப் பார்த்து இங்கிலாந்து ஆலைகள் நெய்த மஸ்லினும் இருந்தன. இன்று இணையக் கடைகளில் 'எம்பயர் மாக்ஸி' என்று விற்கப்படும் உடைக்குப் பின்னால் வங்காளத்து நெசவாளர் இருக்கின்றனர் என்பதை நாம் நினைப்பதில்லை.

அடுத்த காட்சி பசிபிக் கடலில். 1820-இல் அமெரிக்க மதப்பரப்புநர்கள் 'தாடியஸ்' என்னும் கப்பலில் ஹவாய்த் தீவுகளை அடைந்தனர். மறைந்த முதலாம் கமேஹமேஹா மன்னரின் மனைவியருள் ஒருவரான கலாகுவா, கப்பலில் வந்த பெண்கள் அணிந்திருந்தது போன்ற உடை தமக்கும் வேண்டுமென்றார். அரசி பெரிய உடற்கட்டு உடையவர். எம்பயர் வெட்டின் உயர்ந்த இடைத்தையல் அவருக்குச் சரிவரவில்லை. எனவே இடைத்தையலையே நீக்கி, தோளையும் மேல்மார்பையும் மூடும் ஒரு பட்டியை வைத்து, மீதித் துணியை அதிலிருந்து சுருக்கி விட்டனர். 'ஹோலோக்கு' என்னும் உடை அவ்வாறு பிறந்தது. அதற்கு உள்ளே அணிந்த 'முவுமுவு' பிற்காலத்தில் வெளியாடையாயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் தையற்காரர்கள் 'யோக்' என்று சொல்லும் தோள்பட்டி, அதிலிருந்து விழும் சுருக்குகள்: நைட்டியின் இலக்கணமும் இதுவே. நாகரிகத்தின் வெட்டு ஓர் அரசியின் உடலுக்குப் பொருந்தாதபோது, 'உங்கள் உடல் சரியில்லை' என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை; ஆகவே வெட்டை மாற்றினர். அரசியாக இல்லாத பெண்களுக்கு இச்சலுகை கிடைக்கவில்லை என்பதே பிற்கால வரலாறு.

3

'மாக்ஸி' என்ற சொல் 1960-களின் பிற்பகுதிக்குரியது. மேரி குவான்ட் போன்றோர் பரப்பிய குட்டைப் பாவாடையாகிய 'மினி'க்கு எதிர்ச்சொல்லாக அது பிறந்தது. இடைப்பட்ட 'மிடி'யை 1970-இல் அமெரிக்கக் கடைகள் பெண்கள்மீது திணிக்க முயன்றன, பெண்கள் வாங்க மறுத்தனர், கடைகள் நட்டமடைந்தன. மாக்ஸியோ நிலைத்தது. மினி அணிய வயதும் கால்களும் தடை என்று எண்ணியவர்களும் மாக்ஸியை அணிய முடிந்தது அதற்கொரு காரணம்.

இவ்வெட்டிற்கு முன்னோடிகளும் உண்டு. 1938-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் துறவியர் அங்கியைப் போன்றதோர் உடையை உருவாக்கினார். அதில் இடைத்தையலே கிடையாது. தோளிலிருந்து கூடாரம்போல் விழும். அணிபவர் தமக்கு இடை எங்கே இருக்கிறதோ அங்கே வாரைக் கட்டிக்கொள்ளலாம். இடையின் இடத்தை வெட்டுபவரிடமிருந்து அணிபவர் கைக்கு மாற்றிய இவ்வுடை பெரும் வெற்றி பெற்றது. சேலை கட்டிய பாட்டிமார்க்கு இத்தத்துவம் புதிதாக இருந்திராது.

இந்தியாவில் 1970-களின் இந்தித் திரைப்படங்களில் ஜீனத் அமன், பர்வீன் பாபி முதலியோர் நீண்ட கவுன்களில் தோன்றினர். அதே காலத்தில் நகர்ப்புற வீடுகளில் நைட்டி நுழைந்தது. திரையில் மாக்ஸி, சமையலறையில் நைட்டி. முன்னது மேனியைக் காட்டுவதற்கு. பின்னது மேனி மூச்சுவிடுவதற்கு. விலை குறைவு, துவைப்பது எளிது, கொசுவம் செருக வேண்டியதில்லை, அடுப்படி வெக்கையில் ஆறு கஜத்தைச் சுமக்க வேண்டியதில்லை. மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டால் பால் வாங்கவும் குழந்தையைப் பள்ளி வாகனத்தில் ஏற்றவும் போய் வரலாம். 1783-இல் நடந்தது இங்கும் நடந்தது: இரவாடை பகலாடையாயிற்று.

4

இனி அளவுகளின் கதை. கடையில் தொங்கும் உடையின் கழுத்தில் உள்ள எண் எங்கிருந்து வந்தது?

1939-க்கும் 1940-க்கும் இடையில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகியோர் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தனர். ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். 1941-இல் அறிக்கை வெளியானது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. இவ்வாய்வின் வழியில் 1958-இல் ஒரு வணிகத் தரம் வெளியிடப்பட்டது. அத்தரம் ஒரு வகையில் நியாயமானது: மார்பளவு ஒன்றுக்கே குட்டை, நடுத்தரம், நெட்டை என மூன்று உயரங்களையும், ஒடுங்கிய, நடுத்தர, அகன்ற என மூன்று இடுப்புகளையும் அது அனுமதித்தது. ஒரே எண்ணுக்குள் பல உடல்கள். ஆனால் இத்தனை வகைகளைத் தைத்து அடுக்கிவைப்பது வணிகர்க்குச் செலவு. அவை மெல்லக் கைவிடப்பட்டன. 1983-இல் அத்தரமே திரும்பப் பெறப்பட்டது. இன்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. ஒரு கடையில் 'எம்' ஆக இருப்பவர் அடுத்த கடையில் 'எக்ஸ்எல்' ஆகிறார்.

நம் நாட்டின் நிலை இதனினும் விந்தையானது. இந்தியர்க்கென ஓர் அளவு அட்டவணை நெடுங்காலம் இல்லை. அமெரிக்க, ஆங்கிலேய அட்டவணைகளையே திருத்திப் பயன்படுத்தினோம். ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமாகிய நிஃப்டும் இணைந்து, மும்பை உள்ளிட்ட ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டம் 2018-இல்தான் அறிவிக்கப்பட்டது. விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. மேலை அட்டவணைப்படி வெட்டிய மாக்ஸி 165 செ.மீ. உயரத்தையோ அதற்கும் மேலானதையோ மனத்தில் கொண்டது. வாங்கியவர் தரையில் புரளும் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொள்கிறார். ஓரம் சரியாகிவிடுகிறது; ஆனால் இடைத்தையல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதாவது அவருடைய உண்மையான இடைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, வயிற்றின் மேல். முழங்காலில் தொடங்க வேண்டிய விரிவு கெண்டைக்காலில் தொடங்குகிறது. கண்ணாடியில் பார்ப்பவர்க்குக் கால் குட்டையாகவும் வயிறு பெரிதாகவும் தெரிகின்றன. 'மாக்ஸி எனக்குப் பொருந்தாது' என்ற தீர்ப்பு அங்கே எழுதப்படுகிறது. குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறார்.

5

உடல்வாகுகளை வகைப்படுத்துவது நமக்குப் புதிதன்று. கேசாதிபாத வருணனைகள் முதல் சாமுத்திரிகா நூல்கள் வரை பெண்ணுடலை உறுப்பு உறுப்பாகப் பட்டியலிட்ட மரபு நம்முடையது. கொடியிடை, துடியிடை, உண்டோ இல்லையோ என ஐயுறவைக்கும் இடை என்றெல்லாம் புலவர் பாடினர். மேலைநாட்டார் பழக்கடைக்குச் சென்று பேரிக்காய், ஆப்பிள் என்றும், மணற்கடிகாரம் என்றும் பெயரிட்டனர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் முப்பரிமாண அளவுகளை வகைப்படுத்தியபோது, மணற்கடிகார உடல்வாகு பத்தில் ஒருவர்க்கும் குறைவானவரிடமே காணப்பட்டது. ஏறத்தாழப் பாதிப்பேர் மார்பு, இடை, இடுப்பு மூன்றும் பெரிதும் வேறுபடாத நேர்வாகு உடையவர். ஆடைத்தொழில் தனது இலட்சியமாக வைத்திருந்த உடல் சிறுபான்மையினருடையது. கொடியிடையும் அவ்வாறே என்று கொள்வதில் தவறிருக்காது.

ஆகவே வரலாற்றிலிருந்து கற்ற வெட்டுகளை, உடலைத் திருத்தும் மருந்தாக எண்ணாமல், துணியைத் திருத்தும் வழியாக எண்ணிப் பார்ப்போம்.

வயிறு முன்வந்தவர்க்கும் மகப்பேற்றுக்குப் பின்னான உடலுக்கும் எம்பயர் வெட்டு ஏற்றது. பெரும்பாலோர்க்கு விலாவின் மெலிந்த பகுதி மார்புக்குக் கீழேதான் உள்ளது, துணி அங்கிருந்து தடையின்றி விழுகிறது. ஒரு நிபந்தனை: தையல் மார்புக்கு முழுவதும் கீழே அமைய வேண்டும். பெரிய மார்பினர்க்கு ஆயத்த உடையில் அது மார்பின் குறுக்கே ஏறிவிடும். அவர்கள் 'டாட்' பிடித்த மேற்பகுதியையோ, கலாகுவா அரசிக்குச் செய்தது போன்ற தோள்பட்டி வெட்டையோ நாடலாம்.

தோள் குறுகி இடுப்பு அகன்றவர்க்கு, தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ ஓரம் வரை செங்குத்தாக இறங்கும் தையல்கள் கொண்ட 'பிரின்சஸ்' வெட்டு நன்று. இடுப்புச் சுற்றளவுக்கு ஏற்ப வாங்கி, மேற்பகுதியைத் தையற்காரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிதைச் சிறிதாக்கலாம், உள்ளே துணி விடாத ஆயத்த உடையில் சிறிதைப் பெரிதாக்க இயலாது. தோள் அகன்று இடுப்பு ஒடுங்கியவர்க்கு மேலே எளிய கழுத்தும் கீழே நிறைந்த சுருக்கும் சமன் தரும். நேர்வாகினர் மெக்கார்டெல் வழியில் வாரைத் தாமே கட்டி இடையைத் தாமே முடிவு செய்யலாம். ஒன்றன்மேல் ஒன்று சுற்றி முடிச்சிடும் 'ராப்' வெட்டு, எடை ஏறி இறங்கும் எவர்க்கும் ஏற்றது. உள்ளே ஒரு பித்தான் வைத்தால் காற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

உயரம் குறைந்தவர் ஓரத்தை வெட்டும் முன் இடைத்தையலை உயர்த்தச் சொல்ல வேண்டும். இயலாதெனில், இடைத்தையலே இல்லாத உடையை வாங்குவது மேல். துணியும் கவனிக்கத்தக்கது: விறைப்பான பருத்தி உடலைவிட்டு விலகி நின்று பருமன் காட்டும், ரேயான் உடலோடு இழையும், ஆனால் முதல் சலவையில் சுருங்கும், எனவே தைக்கும் முன் நனைத்து உலர்த்த வேண்டும். இரு சக்கர வாகனங்களின் ஊராகிய புனேயில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் கூறுவது சேலையையும் துப்பட்டாவையும் கருதியே. கணுக்கால் வரை விரியும் மாக்ஸிக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். பின்னால் அமர்பவர் துணியைத் திரட்டி மடியில் வைத்துக்கொள்க.

கட்கிக் கடைத்தெருவிலும் போபோடிச் சந்துகளிலும் ஒற்றை இயந்திரத்தோடு அமர்ந்திருக்கும் தையற்காரர்கள் இவற்றையெல்லாம் அறிவர். அளவு நாடாவைத் தோளில் போட்ட அவர்களே இந்நாட்டின் உண்மையான அளவு அட்டவணை. ஆயத்த உடையின் விலையோடு அவர்களின் கூலியையும் சேர்த்து எண்ணிக்கொண்டு வாங்குவதே அறிவுடைமை.

6

உடையின் வெட்டைப் பற்றிப் பேசும்போது அதிகாரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2014-இல் நவி மும்பையின் கோட்டிவலி கிராமத்தில், பகலில் நைட்டி அணிந்து வெளியே வரும் பெண்களுக்கு 500 ரூபாய் தண்டம் என்று அறிவிப்பு வைத்தது ஒரு மகளிர் மன்றமே. 2018-இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளியில் ஊர்ப் பெரியவர்கள் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டிக்குத் தடை விதித்தனர். தண்டம் 2,000 ரூபாய், காட்டிக்கொடுப்பவர்க்கு 1,000 ரூபாய். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் உடை இது என்பதை நினைவிற்கொள்க. மறைப்பு அங்கே சிக்கலாக இருந்திருக்க முடியாது. பெண் தன் சௌகரியத்தைத் தானே முடிவு செய்ததுதான் சிக்கல்.

தமிழ் வாசகர்க்கு இது பழகிய கதை. தென்திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தில் நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டனர். 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச அறிவிப்பு அவர்கள் மேனியை மூடிக்கொள்ள அனுமதித்தது; ஆயினும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற நிபந்தனையோடு. அங்கே மூடியது குற்றம். இங்கே முழுவதும் மூடும் உடையை அணிந்ததே குற்றம். எது அணிந்தாலும் குற்றமாகும் எனில், வழக்கு உடையைப் பற்றியதன்று.

கடைக் கண்ணாடியின் முன் நின்று 'என் உடலுக்கு இது பொருந்தாது' என்று தலைகுனியும் பெண்ணும், ஊர்த் தண்டத்துக்கு அஞ்சி நைட்டியின் மேல் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தும் பெண்ணும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களில் நிற்கின்றனர். முன்னவரை ஓர் அட்டவணை அளக்கிறது, பின்னவரை ஓர் ஊர் அளக்கிறது. இருவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த அளவை எடுத்தவர் யார்?

இவ்வரலாற்றின் பெரும்பகுதி நூலகங்களில் இல்லை. தையற்காரர்களின் அளவுக் குறிப்பேடுகளிலும், 1970-களின் குடும்ப நிழற்படங்களிலும், பெட்டியின் அடியில் மடித்து வைத்த முதல் மாக்ஸியிலும் இருக்கிறது. புனே, கட்கி, போபோடி வாழ் தமிழ்க் குடும்பத்தினர் அத்தகைய குறிப்பேடோ படமோ வைத்திருந்தால் தூக்கி எறிய வேண்டா. எந்த ஆண்டு, யார் தைத்தது, துணி எங்கே வாங்கியது என்று பின்புறம் ஒரு வரி எழுதி வையுங்கள். இயன்றால் இங்கே பகிருங்கள்.